தோண்டிய தேதி

பிப்ரவரி 24, செவ்வாய்

காலையில் கடும் பனி. ஏழரை வரை எதிர்வீட்டு மாடிப்படி தெரியவில்லை. துவைத்தது எதுவும் காயவில்லை. நேற்றைய சுடிதாரே இன்றும். பல் வலி இல்லை. இருந்தாலும் இடது பக்கம் வைத்து மெல்வதற்குப் பயம்.

பத்து மணிக்குக் கோவை லேபிலிருந்து மெயில். பேட்ச் 20-ம் போச்சு. ஏழாம் நாள் பார்த்தபோது ஜெல்லுக்குள் விட்ட செல்களில் பாதிக்கு மேல் செத்துக் கிடந்தனவாம். மெயிலின் கடைசியில் "இனிய நாளாக அமையட்டும்". அமைந்தது.

18, 19, 20. வரிசையாக மூன்று. 17 மட்டும் பிழைத்தது. பிழைத்தது என்றால் சும்மா இல்லை. செல்கள் கைகால் நீட்டிப் பாய் விரித்த மாதிரி படர்ந்திருந்தன. முதலாளி ரகு அந்தப் படத்தைத் தன் போன் முகப்பில் வைத்திருக்கிறார். அவர் பெண்டாட்டி பிள்ளை படம் இருந்த இடம் அது.

மூன்று வருஷமாக, வாரம் ஒரு பேட்ச் என்று, செய்வது இவ்வளவுதான் (எண் மட்டும் ஒவ்வொரு அக்டோபரிலும் மறுபடி ஒன்றிலிருந்து). இந்த மலை மரவள்ளியிலிருந்து மாவு இறுத்து, பக்குவப்படுத்தி, ஜெல்லாக்கி, ஐஸ் பெட்டியில் வைத்து நாமக்கல் பஸ்ஸில் ஏற்றுவது. கோவையில் அதில் மனிதத் தோல் செல்லைக் கலந்து, பிரிண்டரில் ஏற்றி, வரிவரியாகப் போட்டு, வெந்த புண்ணின் மேல் வைக்கும் தோலாக வளருமா என்று பார்க்கிறார்கள். தங்கை வீட்டுக்காரர் இதை ஜவ்வரிசி ஆராய்ச்சி என்கிறார். மூன்று வருஷமாக அதே ஜோக்.

இதுவரை மாற்றிப் பார்த்தவை:
தண்ணீர்.
பக்குவப்படுத்தும் மருந்து (புது பாட்டில்).
வடிகட்டும் துணி.
ஃப்ரிட்ஜ். அதாவது பழையதைத் திட்டிவிட்டு, புதிதுக்கு ஆர்டர்.
மாற்றாதது: நான்.

மூன்றரைக்கு ரகு போன். மார்ச் 5 பெங்களூரிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். பிரிண்டர் செய்யும் கம்பெனி. அதற்கு ஏற்ற ஜெல் தேடுகிறார்கள். 17-ஐத் திரும்பச் செய்ய முடியும் என்று காட்டினால் நம்மோடு சேருவார்கள். முடியாவிட்டால் மலை லேபை மூடிவிட்டுக் கோவைக்கே போய், ஆலை மாவை வாங்கிச் செய்து பார்ப்பது. இதை மிக மெதுவாகச் சொன்னார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மூடினால் மூடட்டும் என்று ஒரு நிமிஷம் நிம்மதியாகவே இருந்தது. பிறகு பாவாயி அக்கா தொட்டியில் கை விட்டுக் கிழங்கு கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்து வெட்கமாகப் போயிற்று.

அவருக்கு வாசலூர்பட்டியில் சொந்தக் காடு, இங்கே நிலத்தைக் காடு என்பார்கள். அவர் காட்டுக் கிழங்குதான் எங்களுக்கு. தோண்டி, கொண்டுவந்து, உரித்து, அரைத்து, மாவு இறுத்து, ரெஜிஸ்டரும் எழுதுவார். எட்டாவது வரை படிப்பு. எழுத்து முத்து முத்தாக இருக்கும். என் எழுத்தைப் பார்த்து மருந்துச் சீட்டு என்பார்.

இன்று பேட்ச் 21-க்கு அரைத்தாயிற்று. கோவையில் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். ஆகவில்லை என்றேன். "அடுத்த தடவ ஆவுமுங்க அம்மிணி" என்றார். போன வாரமும் அதையேதான் சொன்னார்.


பிப்ரவரி 25, புதன்

வெயில். கடைசியில் துணி காய்ந்தது.

21-ஐ ஜெல்லாக்கினேன். மறுபடி கெட்டி. கரண்டியை நட்டால் நிற்கும். இதற்குள் செல் எப்படிக் கை நீட்டும்? சிமெண்டில் நட்ட செடி.

பழைய தாள்களைப் புரட்டினேன். 17-ன் கெட்டி அளவு பாதிதான் இருந்திருக்கிறது. பக்கத்தில் என் கையெழுத்தில்: "மீட்டர் கோளாறு?" அன்று அப்படி நினைத்திருக்கிறேன். நினைத்ததோடு சரி, சோதிக்கவில்லை. பல் வேர் சிகிச்சை முடிந்த மறுநாள், பாதி முகம் வீங்கியிருந்த நாள். இன்று கெட்டி எவ்வளவு என்று முன்பே தெரிந்த அளவுத் திரவத்தை மீட்டரில் ஊற்றிச் சோதித்தேன். மூன்று முறை. மீட்டரில் கோளாறே இல்லை. கோளாறு எழுதியவளிடம்.

ஆக 17 உண்மையிலேயே இளக்கம். ஏன்?

லேபுக்கு முன்னால், செம்மேட்டு ரோட்டில் பாதிக்கு மிளகு காயப்போட்டிருக்கிறார்கள். படகுத் துறைக்குப் போகும் கார்க்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள், மிளகின்மேல் ஏற்றவும் பயப்படுகிறார்கள். ஒரு குடும்பம் லேபுக்குள் வந்து டாய்லெட் கேட்டது. உள்ளே வரக்கூடாது, கிருமி இல்லாத அறை என்றேன். அதனால்தான் கேட்கிறோம் என்றார் அந்த அம்மா.

வாங்க: சர்க்கரை, கையுறை (சின்ன சைஸ்), கொசுவத்தி.
பல்லுக்குத் தொப்பி போட வரச் சொல்லி ராசிபுரம் பல் டாக்டரிடமிருந்து மூன்றாவது போன். எடுக்கவில்லை.


பிப்ரவரி 26, வியாழன்

இதை வரிசையாக எழுத வேண்டும். 

புது ஃப்ரிட்ஜ் வரும் முன், கரண்ட் கசிந்தால் மண்ணுக்குள் இறங்க ஓர் எர்த் குழி தோண்ட எலக்ட்ரீசியன் முருகேசனை வரச் சொல்லியிருந்தேன். வந்தார். கம்பி, கரி, உப்பு எல்லாம் இறக்கினார். வயர் இழுத்தார். குழி மட்டும் அடுத்த வாரம் என்றார். ஏன் என்றால், அவர் ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டியாயிற்று. அவிழ்க்கிற வரை அந்த ஊர்க்காரர் யாரும் மண்ணில் கடப்பாரை போடக்கூடாது.

எனக்குக் கோபம். அம்மன் உங்க ஊரில்தானே இருக்கு, குழி செம்மேட்டில்தானே என்றேன்.

"மண்ணு எல்லாம் ஒண்ணுதானுங்களே" என்றார். பிறகு சமாதானமாக, இது எங்க ஊரில் மட்டும் இல்லீங்க, மலை மேல் பல ஊரில் இப்படித்தான், வாசலூர்பட்டியில் தை மாசமே முடிந்துவிட்டது, அவர்களுக்கு இப்போது தொந்தரவில்லை என்றார்.

அவர் போய் டீ குடித்துவிட்டு வரும் வரைக்கும் எனக்கு உறைக்கவில்லை. தை மாசம். வாசலூர்பட்டி.

என்று காப்புக் கட்டினார்கள் என்று கேட்டேன். அவர் தங்கையைக் கொடுத்த ஊர் அது, சரியாகச் சொன்னார். ஜனவரி 23 வெள்ளிக்கிழமை கட்டி, 28 புதன் அவிழ்த்தது.

ரெஜிஸ்டரை எடுத்தேன். பேட்ச் 17. தோண்டிய தேதி: ஜனவரி 27, செவ்வாய், காலை 5.30. முத்து முத்தான எழுத்து. சரிபார்த்தவர்: நான். அந்த 27-ம் தேதி காலை ராசிபுரத்தில் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தேன். 28-ம் தேதி வந்து, வீங்கிய முகத்தோடு, பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பாவாயி அக்காவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. காப்புக் கட்டின ஊரில் செவ்வாய்க்கிழமை விடிகாலை எப்படிக் கிழங்கு தோண்டினீர்கள் என்று கேட்டேன்.  பிறகு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். காப்புக்கு முந்தின நாளே தோண்டிவிட்டார். குழியில் போட்டு, ஈர மண் மூடி, மேலே வாழைச் சருகு பரப்பி வைத்திருந்தார். செவ்வாய் அன்று அதை எடுத்துவந்தார்.

"குழியில இருந்து எடுக்கறது தோண்டறது ஆவாதுங்க. கையாலதான் மண்ண ஒதுக்குனேன். மம்முட்டி படல."

நான் கேட்டது அதுவா? ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

"பொங்கலுக்கு ரெண்டு நாளு வரலைன்னதுக்கே நீங்க அந்தப் பேச்சு பேசுனீங்க அம்மிணி. வாரம் ஒரு பேட்ச்சு தவறக் கூடாதுன்னீங்க. அன்னன்னைக்குத் தோண்டுன கெழங்குதான் வேணும்னீங்க. நா என்ன பண்ணட்டும்? கெழங்கு நல்லாத்தானுங்க இருந்துச்சு. தேதிதான் சரியில்ல. அதான் தேதிய மட்டும் சரி பண்ணுனேன்."

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபோதுதான் முழுதும் புரிந்தது. குழியில் கிடந்த நாட்களில் கிழங்கு தன் மாவைத் தானே கொஞ்சம் உடைத்துக்கொண்டிருக்கிறது. நீள நீள இழைகள் சின்னதாகி, ஜெல் இளகி, செல்லுக்கு இடம் கிடைத்திருக்கிறது. தோண்டி நாலு மணி நேரத்துக்குள் அரைக்க வேண்டும் என்று விதி போட்டவள் நான். மூன்று வருஷமாக என் விதிதான் செல்களைக் கொன்றிருக்கிறது. விதியை மீறின ஒரே வாரம் பிழைத்தன. அதையும் மீட்டர் கோளாறு என்று எழுதினேன்.

இன்றே இரண்டு கூடை தோண்டி அதே குழியில் அதே மாதிரி மூடச் சொன்னேன். செவ்வாய் எடுக்கலாம். ஐந்து நாள்.

தலையாட்டிவிட்டு வாசல் வரை போனவர் திரும்பினார். "வேலைய விட்டு நிறுத்திருவீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாது என்றேன். உண்மை அதுதான். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.


பிப்ரவரி 27, வெள்ளி

மேகம். மழை இல்லை.

ரகுவுக்குப் போன் செய்து எல்லாம் சொன்னேன். முதலில் சந்தோஷத்தில் குதித்தார். மூன்று வருஷமாகத் தேடியது குழிக்குள் இருந்திருக்கிறது என்றார்.  பிறகு:

"ஒண்ணு செய்வோமா? பதினேழை நீங்களே திட்டம் போட்டுப் புதைச்சு வச்சதா எழுதிடுங்களேன். சோதனைக்காகன்னு. கிழங்கு அதே கிழங்கு, ஜெல் அதே ஜெல். யாருக்கு என்ன நஷ்டம்?"

யோசிக்கிறேன் என்றேன்.

நியாயமாகப் பார்த்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பாவாயி அக்கா தப்பிப்பார். நான் தப்பிப்பேன். போதாததற்குக் கெட்டிக்காரி என்று பெயரும் கிடைக்கும். உண்மையை எழுதினால் இரண்டு பேர் மாட்டுவோம். தேதியை மாற்றியவர், பார்க்காமல் கையெழுத்துப் போட்டவள். மருந்து சம்பந்தப்பட்ட வேலையில் இதற்கு மன்னிப்பே கிடையாது என்று வேலைக்குச் சேரும் அன்றே சொல்லித்தருகிறார்கள். நானே நாலு பேருக்குச் சொல்லித்தந்திருக்கிறேன்.

பாவாயி அக்கா இன்று என்னை மேடம் என்றார். இரண்டு முறை. வலித்தது.

மதியம் தயிர் சாதம். ஊறுகாய் தீர்ந்துவிட்டது.


மார்ச் 1, ஞாயிறு

நாள் முழுக்க வீட்டில். வெளியே சந்தைச் சத்தம். அன்னாசி விற்பவர் ஒலிபெருக்கியில் ஒரே விலையை ஒரே ராகத்தில்.

ரகு சொன்ன மாதிரி ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். "மாவின் இழை நீளத்தைக் குறைக்கும் நோக்கில் கிழங்கு ஐந்து நாட்கள் ஈர மண்ணில் வைக்கப்பட்டது." அழகாக வந்தது. ஒரு அடித்தல் இல்லை. நானே நம்பிவிடுவேன் போலிருந்தது.

பிறகு ஒரு மனிதரின் ஞாபகம். இரண்டு வருஷம் முன்பு கோவையில், லேப் இருக்கும் ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டை ஒரு தரம் சுற்றிக்காட்டினார்கள். பம்ப் செட் ஷெட்டில் தீப்பிடித்து இரண்டு கையும் வெந்தவர். துணி சுற்றிய கைகளைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எதிலிருந்து என்ன செய்கிறேன் என்று டாக்டர் சொன்னதும் அவருக்கு ஆச்சரியம். நாங்களும் குச்சிக்கிழங்கு (மரவள்ளியை அப்படித்தான் சொன்னார்) போட்டிருக்கிறோம் என்றார். பிறகு, "அந்தத் தோலு எப்பங்க வரும்?" சீக்கிரம் என்றேன். எனக்கு வேறு என்ன சொல்லத் தெரியும். அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

அவருக்கோ அவர் மாதிரி ஒருவருக்கோ ஒரு நாள் இது போகும். அன்று கை சீழ் பிடித்தால் பின்னால் திரும்பிப் பார்க்க இந்த ரெஜிஸ்டர் ஒன்றுதான். அதில் ஒரு பொய்யை எடுத்துவிட்டு இன்னும் நல்ல பொய்யை வைக்கப் பார்க்கிறேன்.

பெரிய யோக்கியம் எல்லாம் இல்லை. பயம்தான். இப்படி விட்டால் அடுத்த பொங்கலுக்கும் ஒரு தேதி சரி பண்ணப்படும், அதற்கும் நான் கையெழுத்துப் போடுவேன்.

எழுதின பக்கத்தைக் கிழித்தேன். பிறகு நாலு மணிக்கே படுத்துவிட்டேன். எழுந்தபோது தலைவலி.


மார்ச் 3, செவ்வாய்

சாரல். ஐஸ் பெட்டியின் மூடி உடைந்திருக்கிறது. டேப்.

குழியிலிருந்து இரண்டு கூடை வந்தது. சில கிழங்கின் முனையில் நீல வரி ஓடத் தொடங்கியிருந்தது. லேசாகப் புளித்த வாசனை. பிப்ரவரியில் இந்தக் கிழங்கைக் கொண்டுவந்திருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன்.

நானும் உட்கார்ந்து உரித்தேன். மூன்று வருஷத்தில் முதல் தடவை. என் பங்கு ஒன்பது, அவருடையது கூடையின் மீதி முழுதும்.  ரெஜிஸ்டரில் தோண்டிய தேதி 26, குழியிலிருந்து எடுத்த தேதி 3 என்று புதுக் கட்டம் போட்டு எழுதினார். எழுதிவிட்டு நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். அவருக்கும் தெரியட்டும் என்றுதான்.


மார்ச் 4, புதன்

பேட்ச் 22 ஜெல். அளவு பார்த்தேன். 17-ன் பக்கத்தில் வந்து நிற்கிறது. சரியாக அதே இல்லை, ஒரு முடி அளவு கெட்டி. ஆனால் 18, 19, 20, 21 எல்லாம் எங்கேயோ. மூன்று முறை அளந்தேன். மூன்றும் அதே.

சந்தோஷப்பட வேண்டிய இடம். இரண்டு வாழைப்பழம் தின்றேன். அவ்வளவுக்குத்தான் தெம்பு இருந்தது.

கோவைக்குப் பெட்டி போயாயிற்று. செல் பிழைத்ததா என்பது 11-ம் தேதிக்கு மேல்தான். பெங்களூர்க்காரர்கள் நாளை.

அறிக்கை எழுதினேன். ஒரு பக்கம். முதல் பத்தி நான்: பார்க்காமல் சரிபார்த்தேன் என்று கையெழுத்திட்டேன், வந்த அளவை மீட்டர் கோளாறு என்று தள்ளினேன். இரண்டாவது பத்தி பாவாயி அக்கா: எப்போது தோண்டினார், எங்கே வைத்தார், ஏன் தேதியை மாற்றினார். பொங்கலுக்கு நான் பேசிய பேச்சையும் சேர்த்தேன். மூன்றாவது, 22.

மதியம் ரகு வந்தார். எழுபது கொண்டை ஊசி வளைவில் நாற்பத்தெட்டாவதில் இறங்கி வாந்தி. எப்போதும் அதே வளைவு. எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே அறிக்கையைப் படித்தார்.

"இதைப் படிச்சா அவங்க மத்த பேட்ச் எதையும் நம்ப மாட்டாங்க" என்றார்.

தெரியும் என்றேன்.

இரண்டாவது தரம் படித்தார். வீட்டை அடமானம் வைத்து இந்த லேபை ஆரம்பித்தவர். கிழித்துப் போட்டிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. தாளை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு, நாளைக்கு நீங்களே கொடுங்கள், என் கையால் கொடுக்க வராது என்றார். அந்த மனிதர்மேல் எனக்கு எவ்வளவோ எரிச்சல் உண்டு. இன்று இல்லை.


மார்ச் 5, வியாழன்

வந்தார்கள். போனார்கள். களைப்பு. நினைவில் நிற்பதை மட்டும்:

வயதில் பெரிய ஓர் அம்மா, நரைத்த கிராப்பு, ஓட்டப்பந்தய ஷூ. கூட ஓர் இளைஞர், எதைப் பார்த்தாலும் போனில் படம், எதைக் கேட்டாலும் நோட்டில் குறிப்பு. ரகு விளக்க ஆரம்பிக்கும் முன் அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். இல்லாவிட்டால் கொடுத்திருக்க மாட்டேன், எனக்கு என்னைத் தெரியும். அந்த அம்மா நின்றபடியே படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாவாயி யார் என்றார்.

வாசலில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். காட்டினேன்.

குழியைப் பார்க்க வேண்டும் என்றார். ஜீப்பில் எல்லோரும் வாசலூர்பட்டி. காடு ஏரிக்கு மேல் பக்கம். அந்த அம்மா குழிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்தார். எத்தனை ஆழம், எந்த மண், தண்ணீர் தெளிப்பீர்களா, எத்தனை வருஷமாக இப்படி வைக்கிறீர்கள். பாவாயி அக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். என்னிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. மூன்று வருஷத்தில் நானும் இந்தக் கேள்விகளை ஒரு தரமாவது கேட்டிருக்கலாம்.

காப்புக் கட்டினால் ஏன் தோண்டக்கூடாது என்று அந்த இளைஞர் கேட்டார்.

"அம்மன் மண்ணுக்குள்ள படுத்திருக்கும் சாமி. அப்ப கடப்பாரைய விடலாமுங்களா?" என்றார் பாவாயி அக்கா.

இளைஞர் அதையும் எழுதிக்கொண்டார்.

முடிவு, ஜீப் ஏறும் முன் ரகுவிடம் சொன்னது:
11-ம் தேதி செல் கணக்கு வரும் வரை ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.
17, 22 தவிர மற்ற பேட்ச் எல்லாம் சரிபார்க்கப்படாதவை என்று தனியே வைக்க வேண்டும். அதாவது மூன்று வருஷ வேலை.
பாவாயி அக்கா வேலையில் இருக்கலாம். இருக்கத்தான் வேண்டும். அவர் வாக்குமூலம் அவர் கையெழுத்தோடு அறிக்கையில் சேர வேண்டும்.
சரிபார்ப்பவர் மாற வேண்டும். இன்றிலிருந்து ரெஜிஸ்டரிலோ அதைச் சேர்ந்த எந்தத் தாளிலோ என் கையெழுத்தை ஏற்க மாட்டார்கள்.

கடைசியை என்னிடம் சொல்லும்போது ரகு தரையைப் பார்த்தார். சரி என்றேன். நியாயம்தான். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நியாயமானதற்கும் அழலாம் போலிருக்கிறது.


மார்ச் 6, வெள்ளி

பனி இல்லை. நல்ல குளிர். முருகேசன் வந்து எர்த் குழி தோண்டுகிறார், காப்பு அவிழ்த்தாயிற்று. பல் டாக்டருக்குத் திங்கள் வருவதாகச் சொல்லியாயிற்று.

வாக்குமூலத்தை எழுதி வைத்திருந்தேன். பாவாயி அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்தார். இன்று உட்கார்ந்தார். கண்ணாடி வீட்டில் இருக்கிறது, படித்துக் காட்டுங்கள் என்றார். படித்தேன். "ஜனவரி 22, வியாழன் அன்று கிழங்கைத் தோண்டிக் குழியில் வைத்தேன்..."

"இருங்க" என்றார்.

நிறுத்தினேன்.

"வியாழன் இல்லீங்க. புதன்."

காப்புக்கு முந்தின நாள் என்றுதானே அன்று சொன்னீர்கள் என்றேன்.

"அன்னைக்குப் பயந்துட்டேன். ஒரு நாளு கொறைச்சுச் சொன்னா கோவம் கொஞ்சம் கொறையும்னு சொல்லிட்டேன். வியாழக்கெழம கோயிலுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போயிட்டோம். தோண்டுனது புதன். சரியா எழுதுங்க."

அப்படியானால் ஆறு நாள். நான் புதைக்கச் சொன்னது ஐந்து. 22 கோவையில் செல் வளர்க்கும் பெட்டிக்குள் இருக்கிறது, செல் கலந்து மூன்றாம் நாள் நடக்கிறது. இனி ஒன்றும் செய்ய முடியாது. பிழைத்தாலும் அது 17 இல்லை. செத்தாலும் ஏன் என்று இப்போது தெரியும். 23-க்கு ஆறு நாள் வைக்க வேண்டும். இதெல்லாம் மனதில் ஓட, திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். யாரும் கேட்காமல், தானாகச் சொன்னது இது. திட்டவில்லை.

வியாழன் என்பதை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே புதன் என்று எழுதினேன். 22-ஐ 21 ஆக்கினேன். அடித்த இடத்தில் ஒரு கையெழுத்து வேண்டும். பேனாவை வைத்துப் பாதி இழுத்தபோதுதான் என் கையெழுத்து இனி செல்லாது என்பது ஞாபகம் வந்தது.

பேனாவை அவரிடம் கொடுத்தேன். அடித்த இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி நிதானமாக முழுப் பெயரையும் எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவைத் தூக்கவில்லை.

"இன்னைக்கு என்ன தேதிங்க?"

ஆறு என்றேன். சுவரில் இருந்த காலண்டரையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, எழுதினார்.